மீற்றர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: கொழும்பு வீட்டில் மின்சாரக் காருக்கு மின்னேற்ற வசதி அமைப்பது எப்படி?

மின்சாரக் கார் வாங்கத் தீர்மானித்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் சார்ஜர் வாங்கலாம்?" என்பதுதான். நான் அவர்களிடம் கேட்பது வேறு: "உங்கள் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கரில் என்ன எண் எழுதியிருக்கிறது?" பெரும்பாலானோர் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கச் சொல்லி யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு, கொழும்பில் மின்சாரக் கார் வாங்குவோர் கூடிவிட்டார்கள். விற்பனை நிலையத்தில் இருக்கை, திரை, நிறம் எல்லாவற்றையும் ஆறஅமரக் காட்டுகிறார்கள். அந்தக் கார் ஒவ்வோர் இரவும் எந்த வயரில் தொங்கப் போகிறது என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த வயரைப் பற்றியது. கார் வருவதற்கு முன்பே இதைப் படித்தால் மிக நல்லது, வந்துவிட்டிருந்தாலும் தாமதமில்லை.

பெற்றோலில் ஓடி, தன் பற்றரியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஹைபிரிட் கார்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. நிசான் நோட் ஈ-பவரும் அந்த வகைதான். பிளக் செருகும் வாய் உள்ள கார்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு.

முதல் படி: ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

கொழும்புப் போக்குவரத்தில் ஓடும் நடுத்தர மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீற்றருக்குச் சுமார் 15 அலகு மின்சாரம் எடுக்கும். ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் உங்கள் மீற்றரில் 17 அலகு ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீற்றரில் ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் மணி. பற்றரியின் அளவைச் சொல்வதும் அதே அலகில்தான்.

இப்போது உங்கள் நாளை நினைத்துப் பாருங்கள். தெஹிவளையிலிருந்து பிள்ளையைப் பம்பலப்பிட்டியில் பாடசாலையில் இறக்கி, கொள்ளுப்பிட்டியில் வேலைக்குப் போய், மாலையில் வெள்ளவத்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால் 25, மிஞ்சினால் 30 கிலோமீற்றர். அதற்கு ஐந்து அலகு போதும். சாதாரண 13 அம்பியர் சொக்கற்றில் 10 அம்பியர் எடுக்கும் சிறிய கேபிள் மணிக்கு 2.3 அலகு ஏற்றும். இரண்டேகால் மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்பிவிடும். இரவு முழுவதும் மிச்சம்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குள் ஓடும் ஒரு குடும்பக் காருக்கு 10 முதல் 16 அம்பியர் வரை ஏற்றும் அமைப்பே போதும். பெரிய எண்ணுள்ள சார்ஜருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல வயருக்கும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும், எர்த்துக்கும் கொடுங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போவதற்குப் பெரிய சார்ஜர் உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து பற்றரி நிரம்பிய நிலையில் புறப்படத்தான் அது உதவும். அதைச் சின்ன கேபிளும் ஓர் இரவு கூடுதலாகக் கொடுத்தால் செய்துவிடும். வழியில் தேவைப்படுவது பொது இடத்திலுள்ள வேக மின்னேற்றி. அது வேறு விடயம்.

பெரிய அமைப்பு உண்மையாகவே தேவைப்படுவோரும் இருக்கிறார்கள். நாளுக்கு 150 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவர்கள், வாடகை வாகனமாக ஓட்டுபவர்கள், ஒரே வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அந்த வகை.

இரண்டாம் படி: மீற்றர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் மீற்றர் பெட்டிக்கு முன்னால் நில்லுங்கள். மீற்றருக்கு அருகே, மின் விநியோக நிறுவனம் முத்திரையிட்டு வைத்திருக்கும் ஒரு பிரேக்கர் இருக்கும். அதில் ஒரே ஒரு நெம்புகோல் இருந்து, 30 என்று எழுதியிருந்தால் உங்களுடையது ஒருமுனை (சிங்கிள் பேஸ்) 30 அம்பியர் இணைப்பு. கொழும்பு வீடுகளில் பரவலாக இருப்பது இதுதான். மூன்று நெம்புகோல்கள் ஒன்றாகப் பிணைத்திருந்தால் மும்முனை (த்ரீ பேஸ்). அதிலும் 30 அல்லது 60 என்று இருக்கும். முத்திரையைத் தொட வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மின்னியலாளரிடம் காட்ட உதவும்.

இனிக் கணக்கு. ஒருமுனை 30 அம்பியர் என்றால் 230 வோல்ட்டில் முழு வீட்டுக்கும் 6.9 கிலோவாட். கடைகளில் அதிகம் விற்கப்படும் "ஏழு கிலோவாட்" சார்ஜர் தனியாகவே 32 அம்பியர் எடுக்கும். அதாவது வீட்டில் ஒரு மின்விளக்குக் கூட எரியாவிட்டாலும் அந்த சார்ஜர் உங்கள் இணைப்பின் எல்லையைத் தாண்டிவிடும். இதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்பது எனக்குப் பெரிய மனவருத்தம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 32 அம்பியர் சார்ஜரைப் பூட்டிய இரவிலேயே மெயின் பிரேக்கர் விழுந்தது. மறுநாள் வந்தவர் சார்ஜரின் உள்ளமைப்பை 13 அம்பியருக்குக் குறைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டாருக்கு அது போதுமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு கிலோவாட்டுக்கான விலையைக் கொடுத்துவிட்டார்கள்.

இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டில் என்னென்ன ஓடும்? குளியலறைச் சுடுநீர் இயந்திரம் 15 அம்பியர் வரை போகும். குளிரூட்டி ஒன்று நான்கு அல்லது ஐந்து. கேத்தல் எட்டு, ஒன்பது. ரைஸ் குக்கர் மூன்று. தண்ணீர் மோட்டார் நான்கு, ஐந்து. இவற்றில் சில ஒரே நேரத்தில் ஓடினாலே முப்பது நெருங்கிவிடும். அதே நேரத்தில் காரும் ஏற வேண்டுமா? வேண்டாம். எல்லோரும் படுத்த பிறகு, குளிரூட்டி மட்டும் ஓடும் நேரத்தில், 16 அம்பியர் தாராளமாக எடுக்கலாம். காரிலேயே நேரம் குறித்துவைக்கும் வசதி இருக்கும்; முதல் நாளே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

மும்முனை இணைப்பு உள்ளவர்கள் "எங்களுக்குப் பிரச்சினையில்லை" என்று நிம்மதியாக இருப்பதையும் கண்டிருக்கிறேன். மும்முனை 30 என்றால் ஒவ்வொரு முனைக்கும் 30 அம்பியர். ஒருமுனை 32 அம்பியர் சார்ஜரை அதில் ஏதாவது ஒரு முனையில் போட்டால் அந்த முனையின் எல்லை மீண்டும் தாண்டுகிறது. மும்முனையின் பலன் கிடைக்க வேண்டுமானால் சார்ஜரும் மும்முனையாக இருக்க வேண்டும், காரும் மும்முனையில் ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அப்போது முனைக்கு 16 அம்பியர் வீதம் 11 கிலோவாட் வரும். காரால் அது முடியாதென்றால், மூன்று முனைகளில் சுமை குறைந்ததைத் தேர்ந்து ஒருமுனை சார்ஜரை 16 அல்லது 20 அம்பியருக்குக் கட்டுப்படுத்திப் போடுவதே சரி.

மூன்றாம் படி: காரில் எந்த வாய், உள்ளே எவ்வளவு?

சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் மின்னேற்றி அல்ல. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றிப் பற்றரிக்கு அனுப்பும் வேலையைக் காருக்குள் இருக்கும் கருவிதான் செய்கிறது. சுவர்ப் பெட்டி, "நீ இத்தனை அம்பியர் வரை எடுக்கலாம்" என்று காருக்குச் சைகை கொடுத்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. ஆகவே உள்ளே இருக்கும் கருவி மூன்று கிலோவாட் என்றால், வெளியே ஏழு கிலோவாட் பெட்டி மாட்டினாலும் மூன்றுதான் ஏறும்.

ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்த நிசான் லீஃப் கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. அவற்றில் பலவற்றின் உள்கருவி மூன்று கிலோவாட் அளவுதான். அவற்றின் வாய் ஐந்து முள் கொண்ட டைப் 1. வேக மின்னேற்றத்துக்குப் பக்கத்திலேயே பெரிய வட்டமான சாடெமோ வாய் இருக்கும். அண்மையில் இறக்குமதியான பிவைடி போன்றவற்றின் ஏற்றுமதி மாதிரிகளில் ஏழு முள் கொண்ட டைப் 2 வாயும், அதோடு கீழே இரண்டு தடித்த முள் சேர்ந்த சிசிஎஸ் 2 வாயும் வரும். சீன உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட கார் என்றால் ஜிபி-டி என்ற வேறு வாய் இருக்கும். பார்வைக்கு டைப் 2 போலவே தெரியும், ஆனால் பொருந்தாது. சார்ஜர் வாங்கும் முன் காரின் மூடியைத் திறந்து வாயைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாகனக் கையேட்டில் உள்கருவியின் கிலோவாட்டையும், ஒருமுனையா மும்முனையா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

லீஃப் வைத்திருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. காரோடு வரும் ஜப்பானியக் கேபிள் 200 வோல்ட்டில் 15 அம்பியர் எடுக்கும்படி செய்யப்பட்டது. அதன் ஜப்பானியப் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு 13 அம்பியர் பிளக் பூட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் 13 அம்பியருக்கானது. அதன் வழியே மணிக்கணக்கில் 15 அம்பியர் ஓடினால் சூடேறாமல் என்ன செய்யும்? அப்படி ஓடிய ஒரு பிளக்கைத் திறந்து பார்த்தால் தெரியும்: பியூஸைப் பிடித்திருக்கும் பித்தளைக் கவ்வி கறுத்திருக்கும், அதை ஒட்டிய பிளாஸ்டிக் உருகிச் சுருங்கியிருக்கும், சொக்கற்றில் வலப்பக்கத்துத் துளையைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு வளையம் படிந்திருக்கும். மற்ற இரண்டு துளைகளும் வெள்ளையாகவே இருக்கும். அந்த வளையத்தை உங்கள் வீட்டில் கண்டால் அன்றே ஏற்றுவதை நிறுத்துங்கள். கேபிளின் பெட்டியில் 230 வோல்ட்டும் ஏற்கப்படும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நம் நாட்டு மின்சாரத்துக்கென்று செய்யப்பட்ட டைப் 1 கேபிள் ஒன்றை வாங்குவதே பாதுகாப்பு.

நான்காம் படி: மூன்று வழிகளில் ஒன்று

முதலாவது, 13 அம்பியர் சொக்கற்றில் செருகும் சிறிய கேபிள். நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி தொங்கும். ஐஇசி 62752 என்ற தர எண் அதில் இருக்க வேண்டும். நாள் ஓட்டம் 50 கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. சொக்கற் வேறெதற்கும் பகிராத தனி வயரில், நல்ல தரத்தில், புதிதாகப் போட்டதாக இருக்க வேண்டும். கேபிளை 10 அம்பியருக்கு மேல் வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கொதித்து நிற்கும் கேத்தலுக்கு 13 அம்பியர் தாங்கும் சொக்கற், விடியும்வரை அதே சுமையைத் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீட்டிப்பு வயர், பல முனைப் பிளக், பயண அடாப்டர் எதுவும் நடுவில் வரவே கூடாது.

இரண்டாவது, நீல நிறத் தொழிற்சாலைச் சொக்கற். 16 அம்பியர், மூன்று தடித்த உருண்டை முள், மூடியுடன் வரும். அதற்கேற்ற பிளக் உள்ள கேபிளை வாங்கினால் மணிக்கு 3.7 அலகு ஏறும். இரவு ஏழு மணி நேரத்தில் 26 அலகு. நகரத்துக்குள் 150 கிலோமீற்றர். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஒருமுனை 30 இணைப்புக்குள் அடங்கும், செலவு குறைவு, கேபிள் பழுதானால் கேபிளை மட்டும் மாற்றலாம், வீடு மாறினால் எடுத்துக்கொண்டு போகலாம். பழைய லீஃபின் மூன்று கிலோவாட் உள்கருவிக்கும் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

மூன்றாவது, சுவரில் நிலையாக மாட்டும் பெட்டி. ஐஇசி 61851 தரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். இதைத் தேர்ந்தால் ஒரு வசதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீட்டின் மெயின் வயரில் ஒரு சிறு வளைய உணரியைப் பூட்டி, வீட்டுச் சுமை கூடும்போது காருக்கான அம்பியரைத் தானாகக் குறைக்கும் வசதி. அதில் எல்லையை 25 அம்பியர் என்று வைத்துவிட்டால், யாரோ நள்ளிரவில் சுடுநீரைப் போட்டாலும் மெயின் விழாது. குளித்து முடிந்ததும் கார் மீண்டும் வேகமாக ஏறும். ஒருமுனை இணைப்பு உள்ள வீட்டில் ஏழு கிலோவாட் பெட்டியைப் பூட்டுவது நியாயமாவது இந்த உணரி இருந்தால் மட்டுமே. அது இல்லாத பெட்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: வயர், ட்ரிப் சுவிட்ச், எர்த்

வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நம் மின்னியலாளர்கள் வயரை இழைக் கணக்கில்தான் பேசுவார்கள். 7/0.67 என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்றால் 4, 7/1.04 என்றால் 6, 7/1.35 என்றால் 10. பத்து அம்பியர் சொக்கற்றுக்கு 7/0.67 போதுமானாலும் நான் 7/0.85 போடச் சொல்வேன். 16 அம்பியருக்கு 7/0.85தான். 32 அம்பியர் பெட்டிக்கு 7/1.04, மீற்றரிலிருந்து கார் நிற்கும் இடம் தூரமாக இருந்தால், அல்லது வயர் வெயில் காயும் குழாய்க்குள் போனால், 7/1.35. பிரேக்கரும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்: 16 அம்பியர் மின்னேற்றத்துக்கு 20, 32க்கு 40. மணிக்கணக்கில் முழுச் சுமையில் நிற்கும் பிரேக்கர் சூடேறி, காரணமே இல்லாமல் விழும். ஆனால் பிரேக்கரைப் பெரிதாக்கும்போது வயரும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். பிரேக்கர் காப்பாற்றுவது வயரைத்தான்.

ட்ரிப் சுவிட்ச் விடயத்தில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிட்சின் முகப்பை அருகில் போய்ப் பாருங்கள். 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு சிறு சதுரத்துக்குள் ஓர் அலைக்கோடு. அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை. அலைக்குக் கீழே அரைக் குமிழ்கள் போன்ற இன்னொரு கோடு இருந்தால் ஏ வகை. அதற்கும் கீழே நேர்கோடும் புள்ளிக்கோடும் இருந்தால் பி வகை. நம் வீடுகளில் பழைய சுவிட்ச்கள் பெரும்பாலும் ஏசி வகை. காரின் உள்கருவியில் கசிவு ஏற்பட்டால் அது நேர்மின்னோட்டக் கசிவாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று வந்தால் ஏசி வகைச் சுவிட்சின் உணர்திறன் மங்கி, உண்மையான ஆபத்து வரும்போது விழாமல் போகலாம். அதே சுவிட்ச்தான் உங்கள் குளியலறைக்கும் சமையலறைக்கும் காவல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு வழி இரண்டு. ஆறு மில்லி அம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டறியும் வசதி உள்ளேயே இருக்கும் சார்ஜரை வாங்கி, அதற்கு முன் ஏ வகை ட்ரிப் சுவிட்ச் போடலாம். அல்லது விலை அதிகமான பி வகைச் சுவிட்சைப் போடலாம். பெரும்பாலானோருக்கு முதலாவதே போதும். எதைச் செய்தாலும், காரின் இணைப்பை வீட்டின் பழைய ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் போடாமல், அதற்கு முன்னால் மெயின் சுவிட்சிலிருந்து தனியாகப் பிரித்து, தனிச் சிறு பெட்டியில் அதற்கென்றே பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: காரில் ஏதாவது கோளாறு என்றால் கார் மட்டும் நிற்கும், குளிர்சாதனப்பெட்டி நிற்காது.

எர்த் பற்றிச் சுருக்கமாக. நம் வீடுகளில் பாதுகாப்பு, வளவில் அடித்திருக்கும் எர்த் கம்பியை நம்பியே இருக்கிறது. பழைய வீடுகளில் அந்தக் கம்பி துருப்பிடித்தோ, நிலத்தைச் சீமெந்தால் மூடும்போது துண்டிக்கப்பட்டோ இருக்கலாம். மணல் நிலத்தில் வறண்ட மாதங்களில் எர்த் தடை கூடும். அளக்கும் கருவி கொண்டுவந்து அளந்து, எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். காரின் கேபிளில் சிவப்பு விளக்கு எரிந்து ஏற்ற மறுத்தால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் வர வேண்டும். அந்த எச்சரிக்கையை ஏமாற்றி ஏற்ற வைக்கத் தெரியும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இடி மின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களை நினைத்து, அதே சிறு பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பு ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எங்கே மாட்டுவது?

மழையில் ஏற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காரின் வாயில் செருகும் முனை மழையைத் தாங்கும்படி செய்யப்பட்டது. தாங்காதது 13 அம்பியர் பிளக்கும், தரையில் கிடக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும். சொக்கற் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்; கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சுவரில் ஒரு கொக்கி அடித்துத் தொங்க விடுங்கள். பெட்டியின் எடை பிளக்கை இழுத்துக்கொண்டு தொங்கினால் முள் தளர்ந்து சூடேறும்.

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் கடலை ஒட்டியிருப்பவர்கள் உப்புக்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 பெட்டி, துருப்பிடிக்காத ஆணிகள், மூடியுள்ள சொக்கற். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல போன்ற களனி கங்கைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் இருப்பவர்களுக்கு 2016 மே வெள்ளம் மறந்திருக்காது. அங்கெல்லாம் பழைய வெள்ளக் கறை சுவரில் எந்த உயரத்தில் இருந்தது என்று வீட்டாரிடம் கேட்டு, அதற்கு மேலே மாட்டுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் காரின் பிரேக்கரை இறக்கிவிட்டு, காரை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேபிளின் நீளத்தையும் நின்று அளந்து பாருங்கள். சில கார்களுக்கு வாய் முன்னால், சிலவற்றுக்கு முன் சக்கரத்துக்கு மேலே, சிலவற்றுக்குப் பின்னால்.

ஏழாம் படி: மின்பட்டியல்

நாளுக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் மாதத்துக்கு 125 முதல் 150 அலகு கூடும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால் இந்தக் கூடுதல் அலகுகள் எல்லாம் உங்கள் மிக உயர்ந்த படியில் போய் விழும். 120 அலகு எடுக்கும் வீடு 180ஐத் தாண்டிக் கடைசிப் படிக்குப் போய்விடும். ஆகவே கார் வந்ததும், நேரத்துக்கு நேரம் வேறுபடும் கட்டண முறையைப் பற்றி விசாரியுங்கள். அதில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், விலை மிக அதிகம். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைவு. அந்த ஏழு மணி நேரம் காருக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் மாலை முழுவதும் குளிரூட்டி ஓடும் வீட்டுக்கு உச்ச நேர விலை சுடும். கடந்த மூன்று மாதப் பட்டியலையும் மாலை நேரப் பழக்கத்தையும் வைத்து இரு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே மாறுங்கள். கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால் அன்றைய விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இதற்குப் போக வேண்டியது உங்களுக்குப் பட்டியல் அனுப்பும் மின் விநியோக நிறுவனத்தின் பகுதி அலுவலகத்துக்கு. நுகேகொட, மொரட்டுவை, களனிப் பக்கம் பலருக்கு அது லெகோ நிறுவனம். பட்டியலின் தலைப்பைப் பார்த்தால் தெரியும். மும்முனைக்கு மாறவோ இணைப்பைப் பெரிதாக்கவோ விண்ணப்பிப்பதும் அதே இடத்தில்தான்.

கூரையில் சோலர் இருப்பவர்களின் கணக்கு, அவர்கள் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நெட் மீற்றரிங் என்றால் பகலில் கொடுத்த அலகை இரவில் காருக்குத் திரும்ப எடுக்கலாம், இழப்பில்லை. நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதும் தனியாக விற்பனையாகிறது. காருக்கு எடுப்பதற்கு வழக்கமான கட்டணம். விடுமுறை நாளில் கார் வீட்டில் நின்றால் நண்பகலில் ஏற்றுங்கள். அந்த நேரத்தில் நாட்டின் மின்வலையமைப்பிலும் சூரிய மின்சாரம் மிஞ்சிக் கிடக்கிறது.

மின்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் பட்டதும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதும் நினைவிருக்கும். பற்றரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருந்தால் இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டாலும் நகரத்துக்குள் ஓடலாம்.

தொடர்மாடியில் இருப்போருக்கு

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நம்மவர்கள் பெரும்பாலோர் தொடர்மாடிகளில்தான் இருக்கிறார்கள். அங்கே தொழில்நுட்பத்தைவிட அனுமதிதான் பெரிய வேலை. கார் நிறுத்துமிடம் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தாலும் சுவரும் தூணும் வயர் செல்லும் வழியும் பொதுப் பகுதி. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வெறுமனே "சார்ஜர் போட அனுமதி தாருங்கள்" என்று எழுதினால் பயத்தில் மறுப்பார்கள். எத்தனை அம்பியர், எந்த மீற்றரிலிருந்து, வயர் எந்த வழியாக, என்ன ட்ரிப் சுவிட்ச், யார் வேலை செய்வது, பழுதானால் யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி, சிறு வரைபடமும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

உங்கள் வீட்டு மீற்றர் கீழ்த்தள மீற்றர் அறையில் இருந்தால் அதிர்ஷ்டம். அங்கிருந்து நிறுத்துமிடத்துக்குத் தனி வயர் இழுக்கலாம், பட்டியலும் உங்கள் பெயரிலேயே வரும். பொது மின்சாரத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் துணை மீற்றர் ஒன்றைப் பூட்டி, மாதா மாதம் யார் வாசிப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கணக்குத் தெளிவில்லாத இடத்தில் அயலவர் மனக்கசப்பு நிச்சயம். ஒரே கட்டடத்தில் மூன்று நான்கு பேருக்கு மின்சாரக் கார் இருந்தால் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். ஒரு தடித்த வயரை ஒரு முறை இழுத்து, சுமையைப் பகிர்ந்துகொள்ளும் பெட்டிகள் வைப்பது எல்லோருக்கும் மலிவு.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் நீலச் சொக்கற்றைப் பற்றிப் பேசுங்கள். சொக்கற்றும் வயரும் வீட்டோடு நிற்கும், கேபிள் உங்களோடு வரும் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து நீட்டிப்பு வயரை ஒழுங்கைக்குத் தொங்கவிட்டு ஏற்றுவதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம். அந்த வயர் சுருண்டு கிடக்கும் இடத்தில்தான் முதலில் உருகும். கீழே பிள்ளைகள் நடப்பார்கள்.

எட்டாம் படி: வேலை நடக்கும் நாளும் முதல் மாதமும்

என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள மின்னியலாளரைத் தேடுங்கள். விலை கேட்பதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, என் இணைப்பு எத்தனை அம்பியர் என்று பார்த்தீர்களா? என்ன வகை ட்ரிப் சுவிட்ச் போடப் போகிறீர்கள்?" முதல் கேள்விக்கே டிபி பெட்டியை நோக்கி நடப்பவர் நல்ல மின்னியலாளர். விலைக்கூற்றில் வயரின் அளவு, நீளம், பிரேக்கரின் அம்பியர், ட்ரிப் சுவிட்சின் வகை எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகையை மட்டும் எழுதித் தந்தால் மறுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அவர் போவதற்கு முன்பே காரைச் செருகுங்கள். ஏறத் தொடங்கியதும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். பிறகு வீட்டிலுள்ள பெரிய சுமைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்: சுடுநீர், குளிரூட்டி, கேத்தல். மெயின் தாங்குகிறதா, சுமைக் கட்டுப்பாடு இருந்தால் காரின் அம்பியர் இறங்குகிறதா என்று அவர் முன்னிலையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரம் ஏறிய பிறகு பிளக்கின் முதுகிலும் பிரேக்கரின் முகப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு வழக்கமானது. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் எங்கோ திருகு இறுகவில்லை. முதல் வாரம் இதைத் தினமும் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மின்னியலாளரை மீண்டும் கூப்பிட்டு, மெயினை நிறுத்திவிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் சூடேறி ஆறும் செப்பு இழைகள் திருகுக்கு அடியில் தளர்ந்திருக்கும். இந்த இரண்டாம் வருகைக்கான கூலியை முதல் நாளே பேசி, விலைக்கூற்றில் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.